ஓராண்டு பொறு என்னும் அறிவுரை

புதிதாக ஒரு வீடியோ கேம் கன்சோல் வெளிவந்தால், வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். விலை இறங்கும், முதல் தயாரிப்பில் இருக்கிற கோளாறுகளைச் சரிசெய்துவிடுவார்கள், நல்ல கேம்கள் அதற்குப் பிறகுதான் வரும். யூடியூபில் கேம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார், கேமே ஆடாத மாமாவும் சொல்கிறார். சென்னை ரிச்சி தெருவில் கன்சோல் விற்கிற கடைப் பையனே என்னிடம் சொன்னான்: "அண்ணே, இப்ப எடுக்காதீங்க. அடுத்த தீபாவளிக்கு வாங்க, விலை கண்டிப்பா கொறையும்." விற்க வேண்டியவனே வாங்காதே என்று சொல்கிற அளவுக்கு இந்த அறிவுரை ஊறிப்போயிருக்கிறது. மீறி வாங்குகிறவனுக்கு 'சோதனை எலி' என்று ஒரு பெயரும் காத்திருக்கிறது.

இந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. இன்று அந்தப் பாதியும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் பழக்கத்தால் கேள்வியே இல்லாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். கையில் பணம் இல்லாதவர், வேறு செலவு முந்தி நிற்கிறவர், கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்கிற நிலையில் இருக்கிறவர் வாங்காமல் இருப்பதே சரி. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, பணமும் ஆசையும் இருந்தும், பொறுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நம்பிக் காத்திருப்பவரோடும், அவரை அப்படி நம்பவைத்தவர்களோடும்தான்.

2025 ஜூன் 5ஆம் தேதி வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2, அந்தக் கோடையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தது. நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு நான் கண்டவற்றையும், இதற்கு முன்பு வந்த கன்சோல்களின் வரலாற்றையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

அறிவுரையின் முதுகெலும்பு விலை. இந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் பிறக்கவில்லை. 1996 செப்டம்பரில் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்த நின்டெண்டோ 64 அடுத்த மார்ச்சிலேயே 149 டாலருக்கு இறங்கியது. 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002 மே மாதம் 199 டாலர் ஆனது. பிளேஸ்டேஷன் 3இன் 60 ஜிபி மாடல் 2006இல் 599 டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது ரசிகர்களே மிரண்டார்கள். மூன்றே ஆண்டில் மெலிந்த மாடல் 299 டாலருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் பொறுத்தவர் பூமி ஆண்டார், மறுக்கவில்லை.

ஏன் இறங்கியது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கன்சோல் விலை தானாக இறங்குவதில்லை. உள்ளே இருக்கிற சிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்னும் நுண்ணிய முறையில் வார்க்க முடிந்தது. பிளேஸ்டேஷன் 3இன் செல் சிப் 90 நானோமீட்டரில் தொடங்கி 65க்கு வந்து, 45க்கு வந்தது. சிப் சிறுத்தால் ஒரே சிலிக்கான் தகட்டில் அதிக எண்ணிக்கை கிடைக்கும், சூடு குறையும், மின்விசிறியும் பவர் சப்ளையும் சின்னதாகும், பெட்டியே எடை குறைந்து கப்பல் கூலியும் குறையும். இத்தனை சேமிப்பின் ஒரு பங்குதான் நமக்கு விலைக் குறைப்பாக வந்தது. அந்தச் சங்கிலி இப்போது அறுந்துவிட்டது. புதிய நுண்முறைக்கு மாறும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. சிறுத்தால் மலிவு என்கிற கணக்கு முன்புபோல் வேலை செய்வதில்லை. இதற்கு மேல் இறக்குமதி வரி, நாணய மதிப்பு, 2025 இறுதியில் எகிறிய மெமரி சிப் விலை என்று பாரம் கூடியிருக்கிறது.

விளைவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் தேதி 49,990 ரூபாய்க்கு வந்தது. பொறுத்திருந்தவருக்கு 2022 நவம்பரில் கிடைத்த பரிசு 54,990 ரூபாய் என்கிற புதிய விலைப்பட்டியல். நடுநடுவே தள்ளுபடிக் காலங்கள் வந்தன, உண்மை. ஆனால் பட்டியல் விலை ஏறுமுகம்தான். அதைத் தயாரிக்கிற சோனியின் சொந்த நாடான ஜப்பானில் கதை இன்னும் மோசம். 2020இல் வரி சேர்த்து 54,978 யென்னுக்கு வந்த அதே இயந்திரம் 2024 செப்டம்பரில் 79,980 யென். அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் எல்லா மாடல்களுக்கும் 50 டாலர் கூட்டினார்கள். 2020இல் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், 2025 மே மாதம் 599 டாலர், அதே அக்டோபரில் 649 டாலர். ஐந்து ஆண்டு பழைய இயந்திரம், பிறந்த நாளில் இருந்ததைவிட 150 டாலர் அதிகம்.

நின்டெண்டோவின் கணக்கு இதைவிடப் பெரிய பாடம். முதல் ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் தேதி அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் அந்தப் பட்டியல் விலை ஒரு சென்ட் இறங்கவில்லை. அடுத்த தலைமுறை கடைக்கு வந்த பிறகு, ஓய்வு பெற வேண்டிய அந்தப் பழைய இயந்திரத்தின் விலையை 2025 ஆகஸ்டில் 339.99 டாலராக ஏற்றினார்கள். 2017இல் ஒரு வருடம் பொறுத்தவர் 2018இல் அதே காசு கொடுத்தார். எட்டு வருடம் பொறுத்தவர் கூடுதலாகக் கொடுத்தார். ஸ்விட்ச் 2 வந்த விலை 449.99 டாலர், அன்றைய மதிப்பில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அது நியாயமான விலையா என்பது தனி விவாதம். 80 டாலருக்கு மாரியோ கார்ட் விற்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அடுத்த தீபாவளிக்கு அது கண்டிப்பாகக் குறையும் என்று சத்தியம் செய்பவர் எந்த உலகத்தின் விலைப்பட்டியலைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து கோளாறு. இந்த வாதத்துக்கு எப்போதும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவது எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் வந்த அந்த இயந்திரத்தின் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் அது செத்துவிட்டது என்று பொருள். லட்சக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. "பார்த்தீர்களா, முதலில் வாங்கியவன் கதி!" என்று இதைக் காட்டுகிறார்கள்.

தேதிகளை ஒரு முறை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2005 நவம்பரில் வெளியீடு. அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தவர் 2006 நவம்பரில் வாங்கியிருப்பார். அப்போதும் உள்ளே இருந்தது அதே 90 நானோமீட்டர் சிப், அதே சூடு, அதே மின்சுற்றுப் பலகை. சூட்டைக் கணிசமாகக் குறைத்த பலகைகள் 2007 இறுதியில்தான் வரத் தொடங்கின. நம்பி வாங்கலாம் என்று பழுது பார்ப்பவர்கள் சொன்ன பலகை 2008 இறுதியில் வந்தது. ஒரு வருடம் பொறுத்தவரும் சிவப்பு விளக்கைத்தான் வாங்கினார். அவரைக் காப்பாற்றியது மூன்று ஆண்டு உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தைப் போராடி வாங்கித் தந்தது யார்? முதலில் வாங்கி, கெட்டுப்போய், விடாமல் தொலைபேசியில் சண்டை போட்டவர்கள். அவர்களைத்தான் சோதனை எலி என்கிறோம்.

முதல் ஸ்விட்சின் ஜாய்-கான் கட்டுப்பாட்டுக் குச்சி தானாக நகர்கிற வியாதியும் இதே கதை. 2017இல் வாங்கியவருக்கும் வந்தது, 2019இல் வாங்கியவருக்கும் வந்தது. காலம் குணப்படுத்தவில்லை, ஏனென்றால் அது வடிவமைப்பில் இருந்த பிழை. வடிவமைப்புப் பிழை காலண்டர் பார்த்துப் போகாது.

எதிர்க்கட்சிக்கு உண்மையிலேயே வலுவான சான்று ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2019 ஆகஸ்டில் நின்டெண்டோ, ஸ்விட்சைப் பெயர் மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றியது. இரண்டரை மணியிலிருந்து ஆறரை மணி வரை நின்ற பேட்டரி, நாலரையிலிருந்து ஒன்பது மணி வரை நின்றது. பெரிய முன்னேற்றம். ஆனால் அது வந்தது இரண்டரை ஆண்டு கழித்து. எப்போது வரும், வருமா வராதா என்று முன்கூட்டி யாரும் அறிவிக்கவில்லை. 2018இல் பொறுமையாக வாங்கியவருக்குக் கிடைத்தது பழைய பேட்டரிதான். ஸ்விட்ச் 2இன் பேட்டரியும் இரண்டு மணியிலிருந்து ஆறரை மணி வரை என்றுதான் அதிகாரபூர்வமாகச் சொல்கிறார்கள். பெரிய கேம் ஆடினால் அந்த இரண்டு மணிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதன் 7.9 அங்குலத் திரையில் வேகமான அசைவுகள் கலங்கித் தெரிகின்றன என்று சோதித்தவர்கள் அளந்து சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். என்றைக்காவது மேம்பட்ட மாடல் வரக்கூடும். பேருந்திலும் ரயிலிலும் ஆடுவதற்காகவே வாங்குகிறவர் அதற்காகக் காத்திருந்தால் எனக்குப் புரியும். டாக் என்கிற தாங்கியில் செருகி டிவியில் ஆடுகிறவருக்கு அந்தத் திரையும் பேட்டரியும் ஒரு பொருட்டே இல்லை.

இந்த இடத்தில் யாரும் பேசாத மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்னால் வருகிற மாடலில் சேர்ப்பது மட்டுமல்ல, பிடுங்குவதும் நடக்கும். முதலில் வந்த 60 ஜிபி பிளேஸ்டேஷன் 3க்குள் பிளேஸ்டேஷன் 2இன் சிப்பையே வைத்திருந்தார்கள். நான்கு யூஎஸ்பி துளைகள், மெமரி கார்டு வாசிப்பான்கள் எல்லாம் இருந்தன. 2007 இறுதியில் வந்த 40 ஜிபி மாடலில் பிளேஸ்டேஷன் 2 கேம்கள் ஓடவே ஓடா. யூஎஸ்பி துளைகள் இரண்டாயின. நின்டெண்டோவின் முதல் வீ கன்சோலில், அதற்கு முந்தைய கேம்கியூப் கன்சோலின் கேம்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வேலை செய்தன. 2011இல் வந்த மாடலில் அவை இல்லை. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த முதல் பெட்டிகளைத்தான்.

மூன்றாவது காரணம், கேம்கள். புதிய கன்சோலோடு வருகிற கேம்கள் நாலைந்துதான், அவையும் சுமார், வாங்கி என்ன செய்வாய் என்கிறார்கள். ஒவ்வொரு கன்சோலும் பழையதோடு உறவை அறுத்துக்கொண்டு பிறந்த காலத்தில் இது சரி. இன்றைய இயந்திரங்கள் முந்தைய தலைமுறையின் நூலகத்தைத் தோளில் சுமந்தே வருகின்றன. பிளேஸ்டேஷன் 5 பிளேஸ்டேஷன் 4இன் கேம்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஓட்டியது. ஸ்விட்ச் 2 பழைய ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களை அப்படியே ஏற்கிறது. எட்டு ஆண்டுச் சேகரிப்பு முதல் நாளே அலமாரியில் இருக்கிறது.

ஓட்டுவது மட்டுமா? 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்கிற செல்டா கேமில் கோரோக் காடு என்று ஓர் இடம் உண்டு. பனி மூடிய வழியில் தீப்பந்தத்தின் பொறி பறக்கும் திசையைப் பார்த்துப் பார்த்து நடந்து, தப்பினால் முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் அந்தப் பச்சை வெளிக்குள் நுழைகிறபோது, முதல் ஸ்விட்ச் மூச்சு வாங்கும். காற்றில் மிதக்கிற தூசியும் அத்தனை இலைகளும் சேர்ந்து படம் தத்தித் தத்தி நகரும். அந்த இயந்திரத்தில் அதை ஆடிய எவரும் அந்தத் தத்தலை மறந்திருக்க மாட்டார்கள். அதே விளையாட்டை, எனக்கு 2017இல் இருந்து இருக்கிற அதே சேமிப்போடு, ஸ்விட்ச் 2இல் பத்து டாலர் மேம்பாட்டோடு திறந்து அங்கே போனேன். வினாடிக்கு அறுபது பிரேம். அங்கே நிற்கிற பெரிய டெக்கு மரத்தின் அடியில் நின்று கேமராவை முழு வட்டம் சுற்றினேன். இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்ந்தன, எங்கும் இடறல் இல்லை. அந்தக் கேமை வடிவமைத்தவர்களின் மனக்கண்ணில் இருந்த காடு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. புதிய கேம் ஒன்றுகூட வாங்காமல் அந்த ஒரு சாயங்காலத்துக்கே இயந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் கேம்களின் நிலை இன்னும் சொல்லத்தக்கது. 2022 நவம்பரில் அவை வந்தபோது ஓட்டம் அவ்வளவு மோசமாக இருந்ததால் நின்டெண்டோவே திருத்தக் குறிப்பில் மன்னிப்புக் கேட்டது. ஸ்விட்ச் 2இல் அவற்றுக்கு வந்த அப்டேட் இலவசம். தூரத்து மனிதர்கள் பொம்மலாட்டம்போல் வெட்டி வெட்டி நடந்த ஊர் இப்போது ஊராக இருக்கிறது. இப்படி இலவச அப்டேட் பெற்ற பழைய கேம்கள் ஒரு டஜனுக்கும் மேல். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல், புதுக் கேம்களை மட்டும் எண்ணி 'ஒன்றும் இல்லை' என்று கை விரிப்பது எண்ணுகிறவரின் குறை. புதியவற்றையும் பொறுப்போடு எண்ணினால், ஜூன் 5இல் மாரியோ கார்ட் வேர்ல்ட், ஜூலை 17இல் டாங்கி காங் பனான்ஸா, அக்டோபரில் புதிய போக்கிமான், டிசம்பர் 4இல் பல ஆண்டுகளாக எதிர்பார்த்த மெட்ராய்ட் பிரைம் 4. ஓராண்டு பொறு என்றவரின் கெடு பாதி கடப்பதற்குள் இவ்வளவும் வந்துவிட்டன.

இதுவரை சொன்னது எல்லாம் கணக்கு. கணக்கில் பிடிபடாத ஒன்றுதான் எனக்கு முக்கியம். புதிய கன்சோலின் முதல் மாதங்களில் எவருக்கும் எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் விளையாடுவது வேறு ஆட்டம். அது ஒருமுறைதான் கிடைக்கும்.

மாரியோ கார்ட் வேர்ல்டில் இருபத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓடலாம். நாக்அவுட் டூர் என்கிற பந்தயத்தில் ஒவ்வொரு வாயிலிலும் கடைசி நான்கு பேரை வெளியேற்றிக்கொண்டே போவார்கள். முதல் வாரங்களில் இணையத்தில் அதை ஆடியபோது எல்லாரும் தடுமாறினார்கள். எங்கே திரும்ப வேண்டும், எந்தச் சாலை குறுக்குவழி, எதில் ஏறினால் விழுவோம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மகள் நேர்ச்சாலையில் திருப்பத்துக்கான பொத்தானைத் தவறுதலாக அழுத்திப் பிடித்துவிட்டாள். வண்டியின் அடியில் பொறி பறந்தது. விரலை எடுத்ததும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளிச் சாலையோரத் தடுப்புக் கம்பியின் மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போனது. "அப்பா, கம்பி மேல போகுதுப்பா!" என்று கத்தினாள். அன்று ராத்திரி முழுக்கப் பந்தயத்தை விட்டுவிட்டுக் கம்பி, மின்கம்பி, சுவர் என்று எதிலெல்லாம் ஏறலாம் என்று தேடிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகன் சுவரில் பக்கவாட்டாக ஓட முடியும் என்று கண்டுபிடித்தான். இப்போது எந்தத் தேடுபொறியில் தட்டினாலும் அந்த வித்தை படத்தோடு, விநாடிக் கணக்கோடு வரும். இன்று புதிதாகச் சேர்கிற பிள்ளை அதைப் பாடமாகப் படித்துக்கொண்டு வந்து, கம்பிகள் மீதே பாதிப் பந்தயத்தை முடிக்கிற கில்லாடிகளிடம் வரிசையாகத் தோற்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம் பாட்டிகள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அந்த முதல் மாதங்களில் ஆடியவர்கள் கேமையே வளைத்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. இணையப் பந்தயங்களில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நீண்ட நெடுஞ்சாலையில் ஓடவிடுவது நின்டெண்டோவின் திட்டம். ஆடுகிறவர்களுக்கோ மூன்று சுற்று ஓடுகிற பழைய பாணித் தடங்கள்தான் பிடித்தன. 'ரேண்டம்' என்று தேர்ந்தெடுத்தால் அவை கிடைக்கின்றன என்று கண்டுபிடித்து எல்லாரும் அதையே அழுத்தினார்கள். ஜூன் இறுதியில் வந்த அப்டேட் அந்த வழியை அடைத்தது. பெரிய கூச்சல் எழுந்தது. அடுத்து வந்த திருத்தத்தில் சுற்றுத் தடங்கள் அதிகம் வரும்படி நின்டெண்டோ இறங்கிவந்தது. ஒரு வருடம் பொறுத்து வருபவர் அந்தத் தடங்களில் சுகமாக ஓடுவார். அவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் அவர் ஏமாளிகள் என்று நினைத்தவர்கள்தான்.

எல்லாரும் பொறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானிலும் 1999 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவிலும் வந்தது. பெட்டிக்குள்ளேயே மோடம் வைத்து வந்த கன்சோல் அது. ஷென்மூ, ஜெட் செட் ரேடியோ போல யாரும் அதுவரை பார்க்காத கேம்கள் அதில் வந்தன. ஆனால் 1999 மார்ச்சிலேயே சோனி பிளேஸ்டேஷன் 2ஐப் பற்றி வானளாவப் பேசத் தொடங்கிவிட்டது. டிவிடியும் ஓடும் என்றது. பொறுத்துப் பார்ப்போம் என்று ஒரு பெருங்கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சேகாவின் பழைய தவறுகளும், இஏ நிறுவனம் அதற்குக் கேம் செய்யாததும் சேர்ந்துகொண்டன; பழியை முழுக்க வாங்காதவர்கள் மேல் போட மாட்டேன். 2001 ஜனவரி 31ஆம் தேதி டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. கன்சோலில் இணையம் வழியாக நால்வர் சேர்ந்து சாகசம் போகலாம் என்று காட்டிய ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன் ஜப்பானில் வெளிவந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. பொறுத்திருந்தவர்கள் தாங்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதாக நினைத்தார்கள். அவர்களும் ஒரு முடிவில் கலந்துகொண்டிருந்தார்கள்.

நின்டெண்டோவின் வீ யூ கதையில் எதிர்த்தரப்பு என்னை மடக்கப் பார்க்கும். 2012 நவம்பரில் வந்து 2017 ஜனவரியில் தயாரிப்பு நின்ற அந்தக் கன்சோல் மொத்தம் விற்றது ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் சொச்சம். அதன் நல்ல கேம்கள் பலவும் பிற்பாடு ஸ்விட்சுக்கு வந்து இன்னும் நன்றாக ஓடின. மாரியோ கார்ட் 8ஐப் பொறுத்து வாங்கியவருக்குக் கூடுதல் தடங்களே கிடைத்தன. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் திரையுள்ள ஒருவரும், டிவியைப் பார்த்து ஆடுகிற நால்வரும் ஒரே அறையில் வேறு வேறு காட்சிகளைப் பார்த்துத் துரத்திக்கொண்ட நின்டெண்டோ லேண்ட் எங்கும் வரவில்லை. கேமுக்குள்ளேயே கையால் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட மீவர்ஸ் 2017 நவம்பரில் மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 8ஆம் தேதி வீ யூவின் இணைய ஆட்டமே அணைந்தது. பிற்பாடு வாங்க முடிகிற கேம்கள் உண்டு. பிற்பாடு போய்ச் சேர முடியாத இடங்களும் உண்டு.

கன்சோலின் ஆயுள் ஏழெட்டு ஆண்டு. அதில் ஓர் ஆண்டைப் பொறுமைக்குக் கொடுப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர், வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் அந்த ஓர் ஆண்டு எவ்வளவு பெரியது என்று யோசிக்க வேண்டும். பத்து வயதில் அது கம்பி மேல் வண்டி போவதைப் பார்த்துக் கத்தலாம். பதினாறில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடும்.

வாங்குமுன் நிதானிக்க வேண்டிய காரணங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு, ஆனால் அவற்றுக்கும் ஓராண்டுக் கெடுவுக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற பெட்டிக்கு இங்கே கம்பெனி உத்தரவாதம் இல்லை. கெட்டுப்போனால் கொண்டுவந்தவர் மூலம் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது ரிச்சி தெருவில் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த அபாயம் முதல் நாளிலும் இருக்கிறது, ஆயிரமாவது நாளிலும் இருக்கும். அது தாங்காது என்றால் இங்கேயே உத்தரவாதத்தோடு விற்கப்படுகிற பிளேஸ்டேஷனை வாங்குவது உத்தமம். ஸ்விட்ச் 2க்குள் இருக்கிற 256 ஜிபி இடம் பெரிய கேம்களுக்குப் பற்றாது. பழைய மெமரி கார்டுகளில் ஸ்விட்ச் 2 கேம்களை வைக்க முடியாது, எக்ஸ்பிரஸ் வகைக் கார்டுதான் வேண்டும், அதன் விலை அதிகம். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படவைப்பது 'கேம்-கீ கார்டு'. பார்ப்பதற்குக் கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும், கடையில் அதே விலை, ஆனால் உள்ளே கேம் இல்லை. அதைச் செருகினால் கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆடுகிறபோதெல்லாம் கார்டும் செருகியிருக்க வேண்டும். வீ யூவின் கடை 2023இல் மூடப்பட்டதைப்போல ஒரு நாள் இந்தச் சேவையும் நிற்கும். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டும் கையில் இருக்கும். சைபர்பங்க் 2077ஐ 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுசாகக் கொடுக்க முடிந்திருக்கிறது, ஆகவே முடியாது என்று மற்றவர்கள் சொல்வதை ஏற்கத் தேவையில்லை. இந்தப் பழக்கம் வேரூன்றிவிடுமா என்பது இந்த முதல் ஆண்டுகளில் வாங்குகிறவர்கள் எதை எடுக்கிறார்கள், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே கன்சோலை வாங்குங்கள், கேமை எடுக்கும்போது பெட்டியின் முன்பக்கம் அடியில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கேம்-கீ கார்டு என்று அதில்தான் அச்சிட்டிருப்பார்கள். இருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஏன் வைத்தீர்கள் என்பதைக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.